மோட்டார் ஹோமுக்குப் பின்னால் கார் இழுக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் மோட்டார் ஹோமில், அதாவது படுக்கை, சமையலறையோடு கூடிய நடமாடும் வீட்டு வண்டியில், நெடும்பயணம் போகிறவர்களில் பலர், பின்னால் ஒரு காரையும் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். 35, 40 அடி நீள வண்டியை முகாமில் நிறுத்தி, தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் கொடுத்த பிறகு, பால் வாங்குவதற்காக அதையே மறுபடி கிளப்ப முடியாது. அதற்குத்தான் இந்தக் கார். டிரெய்லர் இல்லாமல், காரின் நான்கு சக்கரங்களும் சாலையில் உருள இழுப்பதற்கு ஃப்ளாட் டோயிங் என்று பெயர். இழுபடும் காரை டிங்கி, டோட் என்றெல்லாம் செல்லமாக அழைப்பார்கள்.

பார்க்கச் சுலபமாகத் தெரியும். ஆனால் மோட்டார் ஹோம் ஓட்டுகிறவருக்குப் பின்னால் இருக்கும் கார் என்ன பாடுபடுகிறது என்று தெரியவே தெரியாது. முன்னால் ஓடும் வண்டியின் எடை அப்படி. காரின் டயர் காற்றிறங்கிக் கிழிந்துகொண்டே வந்தாலும் ஸ்டியரிங்கில் ஒரு அசைவும் இருக்காது. அதனால் எல்லாவற்றையும் கிளம்புவதற்கு முன்பே சரிபார்த்தாக வேண்டும்.

முதல் தவறு, காரைத் தேர்ந்தெடுப்பதிலேயே நடக்கிறது. "நியூட்ரலில் போட்டால் சக்கரம் உருளத்தானே செய்யும்" என்று நினைத்துவிடுகிறார்கள். சக்கரம் உருளும், கியர் பாக்ஸ் தாங்குமா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுற்ற வைக்கும் பம்பை இயக்குவது என்ஜின். என்ஜின் அணைந்திருக்கும்போது சக்கரம் சுழன்றால், அதோடு இணைந்த தண்டும் பற்சக்கரங்களும் சுழலும், ஆனால் எண்ணெய் போய்ச் சேராது. நெடுஞ்சாலை வேகத்தில் அப்படியே ஓடினால் சூடேறி, உராய்ந்து, கடைசியில் கியர் பாக்ஸையே மாற்ற வேண்டி வரும். அந்தச் செலவில் சுமாரான ஒரு பழைய காரே வாங்கிவிடலாம்.

மாடல் பெயரை மட்டும் நம்பவும் முடியாது. ஹோண்டா சி.ஆர்.வி. நல்ல உதாரணம். 2014 மாடல் வரை அதை இப்படி இழுக்கலாம் என்று ஹோண்டாவே சொன்னது. அதனால் மோட்டார் ஹோம்காரர்கள் அதைத் தேடித்தேடி வாங்கினார்கள். 2015 மாடலில் சி.வி.டி. (படிப்படியான கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர் பாக்ஸ் வந்ததும் அந்த அனுமதி போய்விட்டது. அதேபோல ஜீப் கிராண்ட் செரோகியில் லோ ரேஞ்ச் (மெதுவாகப் போய் அதிக இழுவிசை தரும் கியர்) உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது என்ஜின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, இருந்தால் இழுக்கலாம். அது இல்லாத வகையை இழுக்கக் கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கார்தான். டெஸ்லா போன்ற மின்சாரக் கார்களை மறந்துவிடுங்கள்: சக்கரங்கள் தரையில் சுழல இழுக்கவே கூடாது என்று டெஸ்லாவின் கையேடு சொல்கிறது. விற்பனையாளர் என்ன சொன்னாலும் சரி, நீங்கள் வாங்கப்போகும் அதே ஆண்டு மாடலின் கையேட்டில் 'ரிக்ரியேஷனல் டோயிங்' (மோட்டார் ஹோமுக்குப் பின்னால் இழுப்பது) பகுதியை நீங்களே படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

கார் சரியானதாக இருந்தாலும், அதைத் தயார்படுத்தும் முறையில் பாதியை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பழைய சி.ஆர்.வி.யில் என்ஜினை ஓடவிட்டு, கியரை 'டி'க்கு (டிரைவ்) கொண்டுபோய், பிறகு நியூட்ரலுக்கு மாற்றி, மூன்று நிமிடம் அப்படியே ஓடவிட வேண்டும். அதற்கப்புறம்தான் அணைக்க வேண்டும். நாள் முழுக்க இழுத்தால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஜீப் ரேங்லரில் கதையே வேறு: டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில், ஆட்டோமேட்டிக் கியர் 'பார்க்'கில். இழுக்கிற காரை யாராவது பார்க்கில் போடுவார்களா என்று பலர் தயங்கி இரண்டையும் நியூட்ரலில் வைத்துவிடுகிறார்கள். அது தவறு. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் சக்கரங்களுக்கும் கியர் பாக்ஸுக்கும் தொடர்பு அறுந்துவிடும். பார்க்கில் இருக்கும் கியர் பாக்ஸ் சுழலாமல் நிற்கும். தொடர்பு நிஜமாகவே அறுந்ததா என்று பார்க்க, என்ஜின் ஓடும்போது 'டி'யிலும் 'ஆர்'இலும் (ரிவர்ஸ்) போட்டுப் பாருங்கள். கார் நகரக் கூடாது.

அடுத்தது எடைக் கணக்கு. மோட்டார் ஹோமின் ஹிட்ச் (பின்னால் இழுப்பதற்கான கொக்கி அமைப்பு) 5,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2,270 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தால், அவ்வளவையும் இழுக்கலாம் என்று பொருளில்லை. வண்டியும் காரும் சேர்ந்து இவ்வளவுதான் இருக்கலாம் என்று தனியாக ஒரு மொத்த வரம்பு உண்டு. தண்ணீர், பெட்ரோல், சாமான், ஆட்கள் எல்லாம் ஏறிய மோட்டார் ஹோமின் நிஜ எடையை அதிலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் காருக்கு. லாரிகள் நிற்கும் நிலையங்களில் எடை மேடை இருக்கும். ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது. ஹிட்ச், காரை அதோடு இணைக்கும் தண்டான டோ பார், அந்தத் தண்டை மாட்டக் காரின் முன்பக்கம் பொருத்தும் பேஸ் பிளேட், பாதுகாப்புச் சங்கிலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாங்குதிறன் உண்டு. எது குறைவோ, அதுதான் உங்கள் வரம்பு.

டோ பாரின் மட்டத்தைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. மோட்டார் ஹோமின் ஹிட்சும் காரின் பேஸ் பிளேட்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். மூன்று நான்கு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஹிட்ச் ரொம்ப உயரத்தில் இருந்தால், சடன் பிரேக் போடும்போது காரின் முன்பக்கம் கீழே அமுங்கி மோட்டார் ஹோமுக்கு அடியில் புகப் பார்க்கும். ரொம்பத் தாழ்ந்திருந்தால் மேலே ஏறப் பார்க்கும். உயரத்தைச் சரிசெய்ய, ஹிட்சில் செருகும் வளைந்த ரிசீவர் கிடைக்கும். அதை வாங்கும்போது அதன் தாங்குதிறனையும் பாருங்கள். சங்கிலிகளை டோ பாருக்கு அடியில் குறுக்காகப் போட வேண்டும். அப்போதுதான் டோ பார் கழன்றாலும் சாலையில் குத்தாமல் சங்கிலி தாங்கிக்கொள்ளும்.

எனக்கு மிகவும் கவலை தருவது பிரேக் விஷயம். "என் வண்டி பெரியது, காரையும் சேர்த்து நிறுத்திவிடும்" என்று காருக்குத் தனி பிரேக் வைக்காமல் ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மோட்டார் ஹோமின் பிரேக் அதன் சொந்த எடைக்காகச் செய்தது. இறக்கத்தில் பின்னாலிருந்து இரண்டு டன் தள்ளும்போது நிறுத்தும் தூரம் நீண்டுவிடும், பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். பல மாகாணங்களில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட எடையை இழுத்தால் தனி பிரேக் கட்டாயம். சில இடங்களில் வரம்பு இன்னும் குறைவு. சட்டம் கேட்காத இடத்திலும் வையுங்கள், ஏனென்றால் முன்னால் நிற்பது ஒரு குடும்பம் ஏறிய வண்டியாக இருக்கலாம்.

காருக்குள் வைத்து பெடலை அழுத்தும் பெட்டி வகை பிரேக்கில் ஒரு சிக்கல் உண்டு. அதைச் சரியாக அமைக்காவிட்டால் பெடலை லேசாக அழுத்திக்கொண்டே வரும். நூறு மைல் போவதற்குள் பிரேக் தீய்ந்துவிடும். என்ஜின் அணைந்த பிறகும், பெடலை லேசாக மிதித்தாலே போதும்படி செய்யும் பூஸ்டரில் கொஞ்சம் வெற்றிடம் மிச்சமிருக்கும். அதனால் பெட்டியை வைப்பதற்கு முன், பெடல் கெட்டியாகும் வரை சில முறை மிதித்து அதைத் தீர்த்துவிட வேண்டும். பிரேக் அழுத்துகிறதா என்று ஓட்டுநருக்குக் காட்டும் சிறு விளக்கு முன்னால் கட்டாயம் இருக்கட்டும். கார் கழன்றால் அதன் பிரேக்கைத் தானாகப் போடும் பிரேக்அவே கம்பியை மோட்டார் ஹோமிலேயே நேராக மாட்டுங்கள். டோ பாரிலோ சங்கிலியிலோ மாட்டினால், அது கழலும்போது கம்பியும் சேர்ந்தே போய்விடும்.

மின்சாரத்தில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்க சில கார்களில் சாவியை 'ஆக்சஸரி'யில் விட வேண்டியிருக்கும். மாலைக்குள் பேட்டரி இறங்கிப்போகும். மோட்டார் ஹோமிலிருந்து ஒரு சார்ஜ் லைன் இழுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, பின்விளக்குகளை டயோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் பாகம்) இல்லாமல் நேரடியாகக் காரின் ஒயரில் இணைப்பது. மின்னோட்டம் திரும்பிப் பாய்ந்து காரின் மின்னணுப் பாகங்களைக் கெடுக்கும்.

கிளம்பும் நேரத்தில் நடப்பது பெரும்பாலும் கவனப் பிசகுதான். ஹேண்ட் பிரேக்கை எடுக்க மறந்து இழுத்துப்போய், பின்டயர்கள் தேய்ந்து தீப்பிடித்த கார்கள் உண்டு. இணைப்பு வேலையை ஒருவரே ஆரம்பத்திலிருந்து முடிவு வரை செய்யட்டும்; நடுவில் பக்கத்து முகாம்காரர் பேச வந்தால் முடித்துவிட்டுப் பேசலாம். முடிந்ததும் இருபது முப்பது அடி மெதுவாக இழுத்து, இன்னொருவர் கீழே நின்று நான்கு சக்கரமும் உருளுகிறதா என்று பார்க்க வேண்டும். காரின் டயர்களுக்கும் காற்றழுத்த சென்சார் போடுங்கள். டயரைப் பற்றி ஓட்டுநருக்குப் பின்னாலிருந்து வரும் ஒரே சேதி அதுதான்.

அப்புறம், ரிவர்ஸ். காரைக் கட்டியபடி பின்னால் போகவே கூடாது. முன்சக்கரங்கள் ஒரு பக்கமாகத் திரும்பி நின்று, டோ பாரையும் பேஸ் பிளேட்டையும் வளைத்துவிடும். பெட்ரோல் நிலையத்துக்குள் நுழையும்போதே வெளியே போகும் வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள். லாரி வரிசை இருந்தால் அதுவே வசதி. மாட்டிக்கொண்டால் காரைக் கழற்றிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். வண்டியும் காரும் நேர்க்கோட்டில் இல்லாமல் நின்றாலோ, தரை சரிவாக இருந்தாலோ டோ பாரைப் பூட்டும் முள் (பின்) இறுகிக்கொள்ளும். அப்போது சுத்தியலை எடுக்காதீர்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் அசைத்து, காரை ஓரிரு அங்குலம் நகரவிட்டால் இறுக்கம் தளர்ந்து முள் கையோடு வந்துவிடும்.