வேஷம் கட்டாத கூத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவது எப்படி

பள்ளிப்பட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை நான். ஆந்திர எல்லையைத் தாண்டினால் நகரி. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். பலருடைய வீட்டில் பவர்லூம் ஓடுகிறது, அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவர்கள். இவர்களுக்குக் கூத்தைக் காட்டவேண்டும் என்று முதல் வருஷம் நான் செய்தது இதுதான்: திரௌபதி அம்மன் திருவிழாவில் அறுபது பேரை ராத்திரி பத்து மணிக்குக் கொண்டுபோய் முன்வரிசையில் உட்கார வைத்தேன். பன்னிரண்டு மணிக்குள் நாற்பது பேர் தூங்கிவிட்டார்கள். மறுநாள் கேட்டால், "பொம்மை மாதிரி வேஷம், ஒரே கத்தல்" என்றார்கள். கூத்தின் மேல் குறையில்லை, பிள்ளைகள் மேலும் இல்லை. எதைக் கேட்பது, எங்கே பார்ப்பது என்று நான் சொல்லிக்கொடுக்காமல் போய்விட்டேன்.

அதற்கப்புறம் ஒத்திகைக்குத்தான் அழைத்துப்போகிறேன். நாலு வருஷமாக இது நடக்கிறது. கற்றுக்கொண்டதை எழுதுகிறேன், மற்ற ஆசிரியர்களுக்கு உதவும்.

முதலில் காலம். ஜமா என்பது கூத்துக் குழு. கூத்து ஜமாக்களுக்கு மாசி, பங்குனியில் தொடங்கினால் ஆடி, ஆவணி வரை ஓயாத வேலை. மழைக்காலத்தில்தான் ஊரில் இருப்பார்கள். புதுப் பையன்களுக்குப் பாடம் சொல்வதும், பழைய நாடகத்தைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்வதும் அப்போதுதான். எனவே ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பேசுங்கள். எங்கள் பக்கம் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலம் முழுகிவிடும். ஒரு வருஷம் கிளம்புகிற அன்று காலையில் பாலம் முழுகி, நாளைத் தள்ளிவைத்தோம். மாற்று நாள் ஒன்றை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜமாக்காரர்களில் பலர் பகலில் தறிக்கோ கொத்து வேலைக்கோ போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேளுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். வெற்றிலை பாக்கு, பழம், அதோடு பணம். நாங்கள் ஆசிரியர்கள் ஆறு பேர் ஆளுக்கு 500 ரூபாய் போட்டு 3,000 ரூபாய் தட்டில் வைத்தோம். அதை அன்பளிப்பு என்று சொல்லவேண்டாம். ஒரு நாள் ஓய்வை நமக்காக விடுகிறார்கள், அதற்குக் கூலி. பிள்ளைகளிடம் வசூலிக்கவும் கூடாது. பெற்றோர் கையெழுத்துக் கடிதத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதினேன். தெலுங்கில் எழுதிய பிறகுதான் பாட்டிகள் படிக்கச் சொல்லிக் கேட்டு, "நானும் வரட்டுமா" என்றார்கள். இருபத்தைந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம்.

போவதற்கு முன் வகுப்பில் மூன்று பீரியடு போதும். முதல் பீரியடில் கதை. பாரதம் முழுக்கச் சொல்லி அலுப்பூட்டாதீர்கள். நான் கர்ண மோட்சத்தை எடுத்துக்கொள்வேன், அதிலும் ஒரே இடம்: பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் கர்ணன், மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். பிறப்புத் தெரியாதவன் என்று அவனை இளப்பமாக நினைத்தவள் அவள். அவன் வாசலில் வந்து நிற்கிற இடம்வரை சொல்லி, நிறுத்திவிடுவேன். "அப்புறம் டீச்சர்?" என்பார்கள். அப்புறத்தை ஜமாவின் வாத்தியார், கூத்துச் சொல்லித்தருகிறவர், பாடிக் காட்டுவார் என்பேன்.

இரண்டாம் பீரியடில் சுருதி. போனில் சுருதிப் பெட்டி ஒன்று இறக்கிக்கொண்டால் போதும். சுருதியின் உயரத்தைக் கட்டை என்று எண்ணிச் சொல்வார்கள். கச்சேரியில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு கட்டையில் பாடுவார்கள். அந்த 'ச'வைப் பிள்ளைகளைப் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு ஐந்து கட்டைக்கு ஏற்றி அதே 'ச'. தொண்டை இழுக்கும், கழுத்து நரம்பு தெரியும். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டுமென்று கூத்துக்காரர்கள் அந்த உயரத்தில் விடிய விடியப் பாடினார்கள் என்று அப்போது சொன்னால் ஏறும். "கத்தல்" என்ற சொல் அந்த வகுப்போடு போய்விட்டது. கட்டை என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு, அதையும் சொல்லிவிடுங்கள். இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம், தோளில் கட்டும் புஜம், மார்புப் பதக்கம் எல்லாமும் கட்டைதான். அதைக் கட்டி ஆடுவதால்தான் கட்டைக்கூத்து.

மூன்றாம் பீரியடு கைத்தாளம் போட. தறிவீட்டுப் பிள்ளைகளுக்கு அதில் பாடமே தேவைப்படவில்லை.

ஆப்பரா என்று மேல்நாட்டில் சொல்வதும் இந்த இனம்தான், நடிகரே பாடி, பாட்டாலேயே கதையை நகர்த்தும் நாடகம். அங்கே பல அரங்குகள், முதல் காட்சிக்கு முன் முழு வேஷத்தோடு நடக்கும் கடைசி ஒத்திகைக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைக்கின்றன. அதற்கும் முன்னால் 'சிட்ஸ்ப்ரோபே' என்று ஒரு கட்டம் அவர்களுக்கு உண்டு. பாடகர்கள் ஆட்டம், அசைவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வாத்தியக்காரர்களோடு உட்கார்ந்து பாட்டை மட்டும் பாடிப் பார்ப்பது. நம் ஜமாவில் ஒத்திகை தொடங்குவதே இப்படித்தான். பாயை விரித்து, ஹார்மோனியத்தைச் சுற்றி உட்கார்ந்து, லுங்கியும் பனியனுமாக. பிள்ளைகளுக்குக் காட்ட அதுதான் சரியான இடம். வேஷம் இருந்தால் கண் வேஷத்திலேயே நின்றுவிடும்.

இனி, உட்கார வைக்கும் இடம். இதை எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சொல்வேன். எதிரில் உட்கார வைக்காதீர்கள். எட்டு எட்டுப் பேராகப் பிரித்து, மிருதங்கக்காரருக்கும், ஆடுகிறவர் பாடியதை வாங்கித் திருப்பிப் பாடும் பின்பாட்டுக்காரர்களுக்கும் பின்னால் முறைவைத்து உட்காரச் சொல்லுங்கள். அங்கிருந்து பார்த்தால், மிருதங்கக்காரர் ஆடுகிறவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, பாதத்தைப் பார்க்கிறார் என்று தெரியும். முகவீணை என்ற சின்ன ஊதுகுழலை ஊதுகிறவர் கன்னம் உப்பி மூச்சை மாற்றுவது தெரியும். பாட்டு எங்கே கைமாறுகிறது என்பது தெரியும்.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். கர்ணன் வேஷத்துக்கு இருபது வயசுப் பையன் ஒருவன். பாட்டின் ஒரே அடியைப் பாடிக்கொண்டு கிறிக்கி, அதாவது வேகமான சுழல் ஆட்டம், சுற்றி வரவேண்டும், சுற்றி முடிக்கும்போது தாளம் சமத்தில், அதாவது தாளச் சுற்றுத் தொடங்கும் தட்டில், விழவேண்டும். வாத்தியார் நிறுத்தினார். "கால் போவுது, பாட்டு வரல. மறுபடி எடு." எடுத்தான். நிறுத்தினார். பதினோரு தடவை. என் பிள்ளைகள் எண்ணினார்கள், நான் சொல்லவில்லை. எட்டாவது தடவையில் வாத்தியார் எழுந்து வந்து அவன் முதுகில், விலாவுக்குக் கொஞ்சம் மேலே, உள்ளங்கையை வைத்தார். "மூச்சு எங்க வுடற? அடி முடியறதுக்கு முன்ன வுடாத. அவங்க வாங்கிப் பாடுவாங்க பாரு, அப்ப வுடு." ஒன்பதும் பத்தும் பாதி சரி. பதினோராவது தடவை சுற்றி வந்து நின்றான், அடி முடிந்தது, பின்பாட்டுக்காரர் இருவரும் அதே அடியை வாங்கிப் பாடினார்கள், அவன் மார்பு ஏறி இறங்கியது, அடுத்த அடி வந்தது.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், பின்பாட்டு ஏன் திருப்பித் திருப்பிப் பாடுதுன்னு தெரிஞ்சிருச்சு. அவரு மூச்சு விடறதுக்கு."

அவள் சொன்னது சரி. இசைக்கும் அது அழகு, கேட்கிறவர் காதில் சொல் பதிவதற்கும் உதவும். ஆனால் கட்டை கட்டிய உடம்போடு ஆடிப் பாடுகிறவனுக்கு அந்த இடைவெளிதான் உயிர். இருபது வருஷம் கூத்துப் பார்த்த எனக்கு இதை யாரும் சொல்லவில்லை, நானும் கவனிக்கவில்லை.

பாட்டு ஒத்திகை முடிந்ததும் திரைப் பிரவேசம் ஒன்றைச் செய்துகாட்டச் சொல்லி வாத்தியாரைக் கேளுங்கள், திரை பிடிக்கப் பிள்ளைகளை விடச் சொல்லுங்கள். ஒத்திகையில் திரை என்பது பழைய போர்வை. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக்கொள்ள, பின்னாலிருந்து குரல் முதலில் வரும். தான் யார் என்பதை அந்தப் பாத்திரம் தன்னைத்தானே மூன்றாம் ஆள்போலப் பாடும். முகம் கடைசியில்தான். என் வகுப்பில் ரொம்பக் குட்டையான பையனும் ரொம்ப உயரமான பையனும் பிடித்தார்கள், போர்வை சரிந்துகொண்டே இருந்தது. பாடகர் சரிந்த பக்கமே தோளைச் சாய்த்துச் சமாளித்தார், பாட்டு நிற்கவில்லை. அந்தப் போர்வையைப் பிடித்த இரண்டு பேரும் இன்றைக்கும் திரையைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் பேசுவார்கள்.

கட்டைகளைத் தொட்டுப்பார்க்கப் பிள்ளைகள் துடிப்பார்கள். கேட்காமல் தொடவிடாதீர்கள். ஆட்டக்காரர்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கட்டுகிறவர்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, அவர்கள் எடுத்துக் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கச் சொல்லுங்கள். போனில் படம் எடுக்க நான் அனுமதிப்பதில்லை. எடுக்க ஆரம்பித்தால் கேட்பது நின்றுவிடும். தப்புச் செய்துகொண்டிருக்கும் ஒருவரை வீடியோ எடுப்பது மரியாதையும் இல்லை.

கேள்விகளை முன்கூட்டி எழுதவைக்கவேண்டாம். பார்த்த பிறகு வருகிற கேள்விகள் போதும். "ஒரு ராத்திரிக்கு எவ்வளவு கூலி அண்ணா?" என்று கேட்டான் ஒருவன். நான் தடுக்கப் போனேன். பெண் வேஷம் கட்டுகிற பெரியவர், "கேக்கட்டும்மா" என்று சொல்லி, கணக்கை விரல்விட்டுச் சொன்னார்: வண்டிக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு, மழை வந்து கூத்து நின்றால் என்ன ஆகும். அது அவர்களுக்கு நான் எடுத்த எந்தப் பாடத்தையும்விட நன்றாக நினைவிருக்கிறது. பெண் பிள்ளைகள் ஆடலாமா என்ற கேள்வியும் வரும், தயாராக இருங்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கூத்துக் கற்று ஆடினார்கள். அதைச் சொல்லுங்கள். மழுப்பாதீர்கள்.

மறுநாள் "நான் கண்ட ஒத்திகை" என்று கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. நான் செய்வது ஒன்றுதான்: அந்த அடியை வகுப்பில் பாடுவோம். ஒருத்தர் பாட, வகுப்பு முழுக்கப் பின்பாட்டு. தெலுங்குக்காரப் பிள்ளைகளுக்கு உச்சரிப்பு திருந்தியது இதனால்தான், இலக்கணப் பாடத்தால் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூர் ஜில்லாவில் பாரத உற்சவத்துக்குப் பகலில் ஹரிகதையும் ராத்திரி வீதி நாடகமும் நடக்கும். அவர்கள் தாத்தா பாட்டி பார்த்தது அது. வீட்டில் கேட்டு வந்து தெலுங்கில் பாடிக் காட்டினால் அதையும் வகுப்பு வாங்கிப் பாடட்டும்.

கடைசியாகத் திருவிழா. இப்போது முழு ராத்திரியும் உட்கார வைப்பதில்லை. பொன்னுருவி கட்டம் எத்தனை மணிக்கு வரும் என்று வாத்தியாரிடம் அன்று சாயங்காலமே கேட்டுக்கொள்வேன். பிள்ளைகள் வீட்டில் தூங்கி எழுந்து, அம்மாவோ தாத்தாவோ கூட வர, அந்த நேரத்துக்குத்தான் களத்துக்கு வருவார்கள். ஒன்றரை மணி நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம், இருக்கிறவர்கள் இருக்கலாம். போன பங்குனியில் அந்த இருபது வயசுப் பையன் கிரீடமும் புஜமும் கட்டிச் சுற்றி வந்தபோது, என் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமம் விழுந்ததும் விட்டார்கள் மூச்சை, அவனோடு சேர்ந்து.

இந்த வருஷத்துக்கு இன்னும் பேசவில்லை என்றால் தீபாவளி முடிந்த வாரமே போய் வெற்றிலை பாக்கு வையுங்கள். தை பிறந்துவிட்டால் வாத்தியார் கையில் நாள் இருக்காது.