காரைக்குடியிலிருந்து ஹம்பிக்கு: வீதி வீதியாகப் பார்க்க ஒரு வழி

கர்நாடகத்தில் துங்கபத்திரைக் கரையில் இருக்கிற பழைய விஜயநகரத் தலைநகர் ஹம்பிக்கு இதுவரை மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை வேனில் பதினைந்து பேராகப் போனோம். கூட்டிப்போனவர் ஒன்றரை நாளில் எல்லா இடத்தையும் காட்டி முடித்துவிட்டார், ஊருக்குத் திரும்பி யோசித்துப் பார்த்தால் கல்தேரைத் தவிர எதுவும் மனதில் நிற்கவில்லை. அடுத்த முறை அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று நாள் தங்கினேன். அப்போதுதான் அது ஒரு ஊர் என்பதே எனக்கு உறைத்தது. கோயில், கோயிலுக்கு எதிரே தேரோடும் வீதி, வீதியின் இரண்டு பக்கமும் கல் மண்டபக் கடைகள், பக்கத்திலேயே குளம். கோயிலும் ஊருணியும் அகலத் தெருக்களுமாக வளர்ந்த நமக்கு இந்த அமைப்பு பார்த்தவுடன் பிடிபடும். அதனால் பார்க்க வேண்டிய பத்து இடம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். வீதி வீதியாகப் போங்கள்.

போகிற வழி சுலபம்தான். பேருந்திலோ, மதுரை அல்லது திருச்சி போய் ரயிலிலோ பெங்களூருக்கு ஓர் இரவுப் பயணம். பகலில் அங்கே இளைப்பாறிவிட்டு இரவு ஹம்பி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் ஹொசபேட்டை. அங்கிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர், பேருந்தும் உண்டு, ஆட்டோவும் உண்டு. வயதானவர்கள் கூட இருந்தால் ஹொசபேட்டையிலோ கமலாபுரத்திலோ தங்குவது நல்லது, விடியற்காலையில் நடக்க ஆசைப்படுகிறவர்கள் ஹம்பிக் கிராமத்து வீடுகளில் தங்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் போக வேண்டும். கோடையில் அந்தப் பாறைகள் சுட்டு எடுத்துவிடும், நம்மூர் வெயிலுக்குப் பழகியவர்களுக்கே தாங்காது.

கையில் என்ன வேண்டும் என்றால் தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், வழுக்காத செருப்பு. கழற்றி மாட்ட லேசாக இருக்க வேண்டும், ஏனென்றால் விரூபாட்சர் கோயிலில் இன்றும் பூஜை நடக்கிறது, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மதியக் கல்தரைக்குக் கால் தாங்காதவர்கள் ஒரு ஜோடி காலுறை வைத்துக்கொள்ளுங்கள். அப்பத்தா ஒரு டப்பா சீடையும் புளியோதரையும் கட்டிக்கொண்டு வந்தார்கள், முதல் நாள் முழுக்க அதுதான் எங்களுக்குக் கை கொடுத்தது. அப்புறம் அங்கே கிடைக்கிற சோள ரொட்டியும் கத்தரிக்காய்க் குழம்பும் பழகிவிட்டது.

முதல் நாளை விரூபாட்சரில் தொடங்குங்கள். கிழக்குக் கோபுரம் ஏறக்குறைய 50 மீட்டர் உயரம், ஒன்பது நிலை. உள்ளே போனதும் நேராகச் சன்னதிக்கு ஓடிவிடாமல் ரங்க மண்டபத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். விஜயநகர அரசர் கிருஷ்ணதேவராயர் பட்டம் சூடிய காலத்தில், 1510இல், கட்டிய மண்டபம் அது. விதானத்தில் ஓவியங்கள் இருக்கின்றன, அர்ச்சுனன் மீனைக் குறிவைத்து அம்பு தொடுக்கிறான், விஜயநகர அரசர்களின் குருவான வித்யாரண்யர் பல்லக்கில் ஊர்வலம் போகிறார். யாளித் தூண்களைப் பார்த்தால் மதுரை நினைவு வரும், வரத்தான் வேண்டும். 14ஆம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் மதுரை வரை படையோடு வந்தார், பின்னால் நாயக்கர்கள் வந்தார்கள், நம் பக்கத்துப் பெரிய மண்டபங்களுக்குத் தாய்வீடு இந்தத் துங்கபத்திரைக் கரைதான். கோயிலின் பின்பக்கம் ஓர் இருட்டறை இருக்கிறது. சின்னத் துவாரம் வழியாக வருகிற வெளிச்சம் ராஜகோபுரத்தைத் தலைகீழாகச் சுவரில் காட்டும். அங்கே இருப்பவர்களிடம் கேட்டால் காட்டுவார்கள்.

வெளியே வந்தால் தேர்வீதி. முக்கால் கிலோமீட்டர் நேராகப் போய் மதங்க மலையடியில் ஒரே கல்லில் செய்த பெரிய நந்தியிடம் முடிகிறது. இந்த வீதியைக் கடைசி வரை நடங்கள். நடந்தால்தான் இது எவ்வளவு பெரிய சந்தையாக இருந்திருக்கும் என்று உடம்புக்குத் தெரியும்.

மாலையில் ஹேமகூடக் குன்று. ஏறுவது சிரமமே இல்லை, அப்பத்தாவே ஏறிவிட்டார்கள். விஜயநகரத்துக்கு முந்திய சின்னச் சின்னக் கோயில்கள் அங்கே படிப்படியான கூரையோடு நிற்கின்றன. குன்றை ஒட்டி இரண்டு பிள்ளையார்கள். பெரியவர் கடலேகாளு கணேசர், ஏறக்குறைய நாலரை மீட்டர். கன்னடத்தில் கடலே என்றால் நம் கொண்டைக்கடலைதான், வயிறு கடலை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள். இன்னொருவர் சாசிவேகாளு கணேசர், அதாவது கடுகுப் பிள்ளையார். பின்பக்கம் போய்ப் பார்த்தால் தாயின் மடியில் உட்கார்ந்திருப்பது போல ஒரு பெண்ணின் முதுகு செதுக்கியிருக்கும். முன்னால் மட்டும் நின்று படம் எடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

கொஞ்சம் தெற்கே லட்சுமி நரசிம்மர். எனக்கு ஹம்பி முழுவதும் இந்த ஒரு இடம்தான். 1528இல் ஒரே பாறையில் வெட்டிய 6.7 மீட்டர் சிற்பம், ஏழு தலை நாகம் குடை பிடிக்கிறது. இடது தொடையில் லட்சுமி இருந்தாள், இப்போது இல்லை, உடைந்து போயிற்று. ஆனால் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் சுற்றிப்போய் அவர் முதுகைப் பாருங்கள். அணைத்துப் பிடித்த அவள் கை மட்டும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, விரல்களோடு. அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் அந்தப் பக்கத்திலேயே நின்றார்கள். பக்கத்தில் படவிலிங்கம், கூரையில்லாத சின்ன அறைக்குள் 3 மீட்டர் லிங்கம், வாய்க்கால் தண்ணீர் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். விஜயநகரக் காலத்து வாய்க்கால்களில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது, சுற்றிலும் தெரிகிற வாழையும் நெல்லும் அதில் விளைகிறவைதான்.

இரண்டாம் நாள் சீட்டு விஷயத்தைக் கவனியுங்கள். விட்டலர் கோயிலில் வாங்குகிற சீட்டையே தாமரை மகால் இருக்கிற அந்தப்புர வளாகத்துக்கும் கமலாபுரம் அருங்காட்சியகத்துக்கும் காட்டலாம், ஆனால் அன்றைக்கு மட்டும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் இந்த நாள் வெள்ளியாக இல்லாதபடி திட்டம் போடுங்கள்.

விட்டலருக்குக் காலையில் திறந்தவுடன் போய்விட வேண்டும். வண்டி நிற்கிற இடத்திலிருந்து கோயில்வரை பேட்டரி வண்டி ஓடுகிறது, வயதானவர்களுக்கு அது போதும், மற்றவர்கள் நடந்தே போகலாம், அதுவும் ஒரு தேர்வீதிதான். ஐம்பது ரூபாய் நோட்டில் இருக்கிற கல்தேர் இங்கேதான். முன்னால் இரண்டு யானைகள் இழுப்பது போல இருக்கும், குனிந்து யானைக்குப் பின்னால் பார்த்தால் குதிரைகளின் பின்னங்கால்கள் தெரியும். முதலில் இருந்தவை குதிரைகள், யானைகள் பிறகு கொண்டுவந்து வைத்தவை. இசைத் தூண்களைத் தட்டிப் பார்க்காதீர்கள், தட்டித் தட்டியே பாழாகிக்கொண்டிருந்த தூண்கள் அவை. கர்ப்பக்கிரகம் காலியாக இருக்கும். இந்தக் கோயிலுக்கு அருகிலேயே திருமங்கையாழ்வாருக்கு ஒரு கோயில் கட்டியிருக்கிறார்கள். அவ்வளவு தூரத்தில், கன்னட நாட்டில், நம் ஆழ்வாருக்கு ஒரு தனிக்கோயில். யாரும் கூட்டிப்போய்க் காட்டுவதில்லை, நீங்களே கேட்டுப் போங்கள்.

அருங்காட்சியகத்தில் நகரம் முழுவதற்கும் ஒரு பெரிய மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். அரைமணி நேரம் அதைச் சுற்றி வாருங்கள், முதல் நாள் நடந்த வீதிகள் எல்லாம் அதில் தெரியும். பிறகு அரண்மனைப் பகுதி. இங்கே பலர் ஏமாந்து போகிறார்கள், அரண்மனை எங்கே என்று கேட்கிறார்கள். மேல்கட்டு மரமாகவும் சுதையாகவும் இருந்தது, 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்ற பிறகு, வென்ற சுல்தான்களின் படைகள் நகரத்தைக் கொள்ளையடித்துத் தீ வைத்தன, கல் அடித்தளம்தான் மிச்சம். தேக்கு மரம் தாங்குகிற வீடுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரத்தை எடுத்துவிட்டால் வீட்டில் என்ன நிற்கும்?

படிக்குளத்தை மட்டும் அவசரப்படாமல் பாருங்கள். கறுப்புக் கல்லில் முக்கோணம் முக்கோணமாக இறங்கும் படிகள். 1980களில் தோண்டி எடுத்த குளம் இது. கற்களில் எந்தத் திசை, எந்த வரிசை, எத்தனாவது கல் என்று குறி வெட்டியிருக்கிறார்கள். "வீடு பிரிக்கையில தூணுக்கு நம்பர் போடுவாகளே, அதே மாதிரி இருக்கு" என்றார்கள் அப்பத்தா. எங்கள் தெருவில் ஒரு வீட்டைப் பிரித்தபோது நானும் பார்த்திருக்கிறேன், சுண்ணாம்பில் எண் போட்ட தூண்கள் லாரியில் ஏறிப் போயின. ஹசார ராமர் கோயிலுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், சுவரில் மூன்று வரிசையாக ராமாயணம், சுற்றி வந்தால் கதை நகரும். தாமரை மகாலும் யானைக் கொட்டிலும் அழகுதான், வேகமாகப் பார்க்கலாம்.

மூன்றாம் நாள் ஆற்றங்கரை. கோதண்டராமர் கோயிலிலிருந்து கரையோரமாகவே நடந்தால் இரண்டு கிலோமீட்டருக்குள் ராஜதராசு வரும், அரசர்கள் துலாபாரம் கொடுத்த கல் வளைவு என்பார்கள். நடுவில் அச்சுதராயர் கோயில் வீதிக்குத் திரும்புங்கள். கூட்டமே இருக்காது. தண்ணீர் அளவாக இருந்தால் பரிசலில் போகலாம், கூலியை ஏறும் முன் பேசிக்கொள்ளுங்கள். ஆற்றுக்கு அக்கரையில் ஆனெகுந்திப் பக்கம், அனுமன் பிறந்ததாகச் சொல்கிற அஞ்சனாத்ரி மலைக்கு 575 படி, முழங்கால் வலி இருப்பவர்கள் கீழேயே இருந்துவிடலாம்.

கிருஷ்ணர் கோயிலைச் சொல்லாமல் விட்டேன். முதல் நாள் பிள்ளையாருக்கும் நரசிம்மருக்கும் நடுவில் அதைத் தாண்டித்தான் போவீர்கள். உதயகிரியை வென்று அங்கிருந்து கொண்டுவந்த பாலகிருஷ்ணருக்காகக் கிருஷ்ணதேவராயர் 1515இல் கட்டினார். மூலஸ்தானம் வெறுமையாக இருக்கும். அந்தப் பாலகிருஷ்ணர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். அந்தக் காலி இடத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை சென்னை போகும்போது ரயிலை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்து அவரையும் பார்த்துவிட்டு வாருங்கள். நாங்கள் அந்த வருடம் தை மாதம் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனபோது, மண்டபத்துக்குப் போகும் முன் அங்கேதான் போனோம்.