நிலவொளி அச்சோவியம் வாங்குமுன் பின்புறத்தைப் பாருங்கள்

ஜப்பானிய நிலவொளிக் காட்சி அச்சோவியம் ஒன்றை வாங்குமுன், அதைத் திருப்பி, இரவு வானத்தின் பின்புறத்தைப் பாருங்கள். மரக்கட்டையில் அச்சிட்டதாயின் அடர்நீலம் மறுபக்கத்திலும் கசிந்து தெரியும். மல்பெரி இழைத்தாளைச் சாயம் பூசிய கட்டையின் மேல் கவிழ்த்து, பாரென் என்னும் வட்டத் தேய்ப்பானால் அழுத்தித் தேய்ப்பதாலும், ஜப்பானிய ஓவியர் கவாசே ஹசுயியின் ‘மாகோமேயில் நிலவு’ (1930) போன்ற இரவுக் காட்சிகளில் நீலத்தைப் பலமுறை ஏற்றுவதாலும் சாயம் இழைக்குள் இறங்கிவிடுகிறது. இயந்திர நகலிலோ பின்புறம் பெரும்பாலும் வெளுப்பாகவே இருக்கும். உருப்பெருக்கியில் புள்ளிகளும் தென்படும்.

அட்டையில் ஒட்டிய படத்துக்கு இவ்வழி உதவாது (சட்டமிட்டதைக் கழற்றிக் காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம்). ஹசுயி 1957இல் மறைந்த பிறகு கையால் அச்சிட்ட மறுபதிப்புகளிலும் சாயம் இப்படியே கசிந்திருக்குமாதலால், விலையைப் பெரிதும் தீர்மானிக்கும் பதிப்புக் காலத்தைப் பதிப்பாளர் முத்திரையைக் கொண்டே கணிக்க வேண்டும்.