குளுக்கோமா மெய்நிகர் கிளினிக்: மெஷினடியில் நிற்பவர்களுக்கு

லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் போன்ற கண் ஆஸ்பத்திரிகளில் குளுக்கோமாவுக்கு (பெரும்பாலும் கண் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெடும் நோய்) மெய்நிகர் கிளினிக் நடக்கிறது. அதில் நோயாளி சோதனைகளை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். கண் டொக்டர் பிறகு கொம்பியூட்டரில் பார்த்து முடிவெழுதுவார். யாழ்ப்பாணத்தில் கண் தாதியாக வேலைசெய்யும் நான், இதைத் தொடங்க நினைப்பவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: டொக்டர் ஆளைக் காணமாட்டார், நீங்கள் எழுதியதைத்தான் காண்பார்.

நோய்ச் சந்தேகம் உள்ளவர்கள், கண் அழுத்தம் மட்டும் கூடியவர்கள், ஆரம்பநிலையில் நோய் அடங்கியிருப்பவர்கள் இதற்குப் பொருத்தம். நோய் முற்றியவரும் ஒற்றைக் கண்ணில் மட்டும் பார்வை உள்ளவரும் நேரில்தான் வரவேண்டும். கோனியோஸ்கோப்பியால் (கண்ணில் வில்லை வைத்துப் பார்க்கும் சோதனை) கண்ணின் கோணத்தை, அதாவது கண்ணுள் நீர் வடியும் மூலையை, ஒருமுறையாவது பார்க்காமல் எவரையும் சேர்க்காதீர்கள்; ஆசியர்களிடம் கோணம் அடைபடும் வகை ஐரோப்பியரைவிட அதிகம்.

அழுத்தம் பார்க்கையில், “மூச்சைப் பிடியாதேங்கோ அம்மா, நேரே பாருங்கோ” என்று சொல்லுங்கள். மூச்சைப் பிடித்தாலும் கழுத்துப் பட்டன் இறுகினாலும் அளவு ஏறும். இமையைத் தூக்கும் விரல் எலும்பில் ஊன்றட்டும், கண்ணில் அல்ல. பார்த்த நேரத்தையும் எழுதுங்கள். விழிவெண்படலத்தின் (கண்ணின் முன்புறக் கண்ணாடிப் படலம்) தடிப்பும் வேண்டும்: தடித்திருந்தால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடக் காட்டும்.

ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமத்தும் பார்வைப்புலச் சோதனையில்தான் ஆட்கள் மனமுடைவார்கள். மங்கலான புள்ளிகளைத் தேடிக் காட்டுவதே அந்த மெஷினின் வேலை. நல்ல கண்ணுக்கும் பாதியளவு தெரியாது. இதை முதலிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பயத்தில் சும்மா சும்மா பட்டனை அமத்துவார்கள், றிப்போட் ஒன்றுக்கும் உதவாது. தொங்கும் இமையைப் பிளாஸ்டரால் தூக்கி ஒட்டுங்கள். குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகைப் பிடிக்க வேண்டியவர்களை முதல் ஆளாக எடுங்கள். அவசரத்தில் இருப்பவருக்கு இந்தச் சோதனை சரிவராது.

பிறகு, “நேற்றிரவு துளி விட்டனீங்களோ?” என்று கேளுங்கள். “முடிஞ்சுபோச்சு, வாங்கேல்லை” என்றால் அப்படியே எழுதுங்கள். அழுத்தம் 24 mmHg என்று கூடியிருப்பதை மட்டும் பார்க்கும் டொக்டர் இன்னொரு துளியைக் கூட்டிவிடுவார். அவருக்குத் தேவைப்பட்டதோ பழைய துளிதான். ஆஸ்துமா உண்டா, ஸ்டீரொயிட் பாவிக்கிறாரா என்பதும் விடுபடக் கூடாது: கண் அழுத்தத்தைக் குறைக்கும் டிமோலோல் துளி ஆஸ்துமாக்காரருக்கு ஆபத்து, ஸ்டீரொயிட் அழுத்தத்தைக் கூட்டும்.

அழுத்தம் 30ஐத் தாண்டினாலோ, கண் சிவந்து நொந்து சத்தி வந்தாலோ வீட்டுக்கு அனுப்பாதீர்கள்; அன்றைக்கே டொக்டரைக் கூப்பிடுங்கள்.

முடிவுக் கடிதம் தமிழில் போகட்டும்: என்ன தெரிந்தது, எந்தத் துளி, அடுத்த திகதி. போனிலக்கம் ஒன்று போதாது, மகனுடையதோ பக்கத்து வீட்டாருடையதோ இரண்டாவதும் வாங்குங்கள். கடிதம் கையில் கிடைத்தது என்று கேட்டறியும்வரை பெயரைப் பட்டியலில் வெட்டாதீர்கள்.