பச்சையாகவே வந்த அறிக்கை

நான் பொறுப்பேற்ற புராஜெக்டில் வாராந்திர அறிக்கை எப்போதும் பச்சைதான். பச்சை என்றால் எல்லாம் சரி, சிவப்பு என்றால் சிக்கல். ஆனால் டெஸ்டிங் தொடங்கவே இல்லை. இதைத் தர்பூசணி அறிக்கை என்பார்கள்: வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு.

காரணம் சீக்கிரமே தெரிந்தது. சிவப்பு போட்டவரைக் கூட்டத்தில் வைத்துக் குடைந்து எடுத்தார்கள். அப்புறம் யார் உண்மையைச் சொல்வார்கள்? திட்ட மேலாண்மையாளர்களுக்கான பிஎம்ஐ (Project Management Institute) அமைப்பின் நெறிமுறையில் பொறுப்பு, மரியாதை, நியாயம், நேர்மை என்று நான்கு மதிப்புகள் உண்டு. சுவரில் ஒட்ட நல்ல சொற்கள். திங்கட்கிழமை கூட்டத்தில் அவற்றை எப்படிக் கடைப்பிடிப்பது என்பதுதான் சிக்கல்.

குழுவோடு உட்கார்ந்து பேசினோம். நிறத்தை வேலை செய்பவரே போடுவார்; நான் உட்பட மேலே இருப்பவர்கள் யாரும் மாற்றக்கூடாது. சிவப்பு வந்தால் முதலில் கேட்க வேண்டியது, "உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று. '90 சதவீதம் முடிந்தது' என்ற பேச்சே வேண்டாம். டெஸ்ட் பாஸ் ஆனால்தான் கணக்கு.

முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு ஒரு ஜூனியர் தயங்கித் தயங்கி, டேட்டா மைக்ரேஷன் ஸ்கிரிப்ட் (பழைய தரவைப் புதிய அமைப்புக்கு மாற்றும் நிரல்) பாதியில் நிற்கிறது என்றார். டேட்டாபேஸ் தெரிந்த ஒருவரை அன்றே அவரோடு உட்கார வைத்தோம். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களும் வாய் திறந்தார்கள்.

தாமதத்தை வாடிக்கையாளரிடம் சொல்வதுதான் கஷ்டம். புதிய தேதியோடும், முதலில் தரக்கூடிய பகுதிகளின் பட்டியலோடும் போனேன். கோபப்பட்டார், நியாயம்தான். ஆனால் எது அவசரம் என்று அதிலேயே குறித்தும் கொடுத்தார்; அவசரமில்லாத ரிப்போர்ட் மாட்யூல் அடுத்த கட்டத்துக்குத் தள்ளிப்போனது.