தெருக் கிளர்ச்சிகளை ஒப்பிட்டுப் படிப்பது எப்படி?

எல்லா நூற்றாண்டுகளையும் ஒரே மூச்சில் ஒப்பிட உட்கார்ந்தால் 'மக்கள் பொறுமை இழந்தார்கள்' என்ற ஒற்றை வரிதான் மிஞ்சும். மூன்று கிளர்ச்சிகள் போதும். உதாரணத்துக்கு கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) 532, பாரிஸ் 1789, பெட்ரோகிராட் (அன்றைய ரஷ்யத் தலைநகர்) 1917. கேள்வியும் ஒன்றே இருக்கட்டும்: எதிரே நின்ற சிப்பாய்கள் என்ன செய்தார்கள்?

ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள், அதில் ஐந்து கட்டம்: நேரம், இடம், யார், என்ன நடந்தது, சொன்னவர் யார். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டால் மற்ற நான்கும் வீண். கான்ஸ்டான்டிநோபிளில் நடந்த அந்த 532 கிளர்ச்சியில், அதாவது நீக்கா கலகத்தில், 30,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக எழுதிய புரோகோப்பியஸ், அதை அடக்கிய தளபதி பெலிசாரியஸிடம் செயலாளராக இருந்தவர். எண்ணை எழுதும்போதே இதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

தேதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். ரஷ்யாவில் அப்போது பழைய நாட்காட்டி. 1917 பிப்ரவரி 23 என்பது மற்ற நாடுகளில் மார்ச் 8. இந்த 13 நாளைச் சரிசெய்தால்தான், நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டு வெளியே வந்தது மகளிர் தினத்தன்று என்பது பிடிபடும். வரைபடமும் அந்தக் காலத்துடையதாக இருக்க வேண்டும். பாரிஸின் குறுகலான பழைய தெருக்கள் பலவற்றை 1853க்குப் பிறகு நகர நிர்வாகி ஓஸ்மான் இடித்து அகலச் சாலை போட்டுவிட்டார்.

'யார்' என்பதற்குப் பெயர்ப் பட்டியல்தான் உயிர். தொழில், வயது, முகவரி கிடைத்தால் முகவரிகளை வரைபடத்தில் புள்ளி வையுங்கள். 'வெளியூர் ரவுடிகள்' என்று அதிகாரிகள் சொன்னது நிற்குமா விழுமா என்று தெரிந்துவிடும். ஆனால் கைதுப் பட்டியலில் இருப்பவர்கள் ஓடித் தப்பாதவர்கள். 1789இல் பாரிஸின் பாஸ்டில் சிறைக்கோட்டையைப் பிடித்தவர்களாக அங்கீகரிக்கப்பட்ட 954 பேரோ கௌரவம் பெற்றவர்கள். இரண்டுமே முழுக் கூட்டம் அல்ல.

கூட்டத்தை எண்ணப் பரப்பளவு வேண்டும். தளர்வாக நின்றால் சதுர மீட்டருக்கு 1 ஆள், நெருக்கியடித்தால் 4. 100க்கு 60 மீட்டர் திடலில் மூன்றில் ஒரு பங்கு நெருக்கம், மீதி தளர்வு என்றால் 8,000 + 4,000 = 12,000. மரம், மேடை, வண்டி நின்ற இடத்தை முதலிலேயே கழியுங்கள். நகரும் பேரணிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. 2019 ஜூன் 16 ஹாங்காங் பேரணிக்கு ஏற்பாட்டாளர்கள் சொன்னது ஏறக்குறைய 20 லட்சம். போலீஸ் சொன்னது 3,38,000. போலீஸ் கணக்கு உச்ச நேரத்துக்கு மட்டும் உரியது. வந்து போனவர்கள் அதில் சேரவில்லை.

மூன்று தாளும் நிறைந்த பிறகு சிப்பாய் வரிகளை மட்டும் அடுத்தடுத்து வையுங்கள். கான்ஸ்டான்டிநோபிளில் அரண்மனைக் காவலர்கள் எந்தப் பக்கமும் சாயாமல் வேடிக்கை பார்த்தார்கள். கூட்டத்தை வெட்டியது பெலிசாரியஸும் இன்னொரு தளபதி முண்டுஸும் கொண்டுவந்த படை. பாரிஸில் நகரத்திலேயே குடியிருந்த பிரெஞ்சுக் காவல்படையினர் பீரங்கியோடு கூட்டத்தில் சேர்ந்தார்கள். பெட்ரோகிராடில் பழைய தேதிப்படி பிப்ரவரி 26 அன்று சுட்ட வொலின்ஸ்கி படைப்பிரிவு, மறுநாள் காலை கலகம் செய்தது. அந்த ஒரு இரவுக்குள் படைமுகாமில் என்ன பேசினார்கள் என்று தேடுவதுதான் அடுத்த தாள்.