வெளியீட்டுக்கு முந்திய வாரத்தில் பொத்தானை நகர்த்துகிறவர்களுக்கு

யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருள் ஒன்றின் வெளியீட்டு நாள் நெருங்கும்போதுதான் நிரல் எழுதுகிறவருக்குச் சில குறைகள் கண்ணில் படும். இந்தப் பொத்தான் மேலே இருந்தால் நன்றாக இருக்குமே, இந்த வரியைக் கொஞ்சம் திருத்தினால் தெளிவாகுமே என்று தோன்றும். எண்ணம் நல்லதுதான், ஆனால் அதைச் செய்யும் விதத்தில் தவறுகள் நேர்ந்துவிடுகின்றன. இலங்கை மலையகத்தில் தமிழாக்கம் செய்கிற, தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிற எங்களிடம்தான் அந்தத் தவறுகளின் விளைவு வந்து சேர்கிறது. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் இருந்துகொண்டே இத்தகைய திட்டங்களுக்கு நிரல் எழுதித்தரும் இளைஞர்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்களை எண்ணியே இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, “ஒரு சொல்தானே” என்று நினைப்பது. பெரும்பாலான கட்டற்ற மென்பொருள்களில் மொழிபெயர்ப்பு கெட்டெக்ஸ்ட் (gettext) என்ற முறையில் நடக்கிறது. அதில் ஆங்கில வரியே திறவுகோல். அதற்கு நேரே தமிழ் வரி. கோப்பு சேமிக்கப்பட்டது என்று சொல்லும் ஆங்கில வரியின் கடைசியில் யாரோ ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினியைப் பொறுத்தவரை அது புதிய வரி. கோப்புகளைப் புதுப்பிக்கும்போது பழைய தமிழ் வரி அதன் அருகே ஒட்டிக்கொள்ளும். ஆனால் ‘ஃபஸி’ என்ற அடையாளத்தோடு, அதாவது மனிதர் ஒருவர் பார்த்து உறுதி செய்யாத வரியாக. ஃபஸி வரிகளை மென்பொருளில் சேர்க்காமல் விடுவதே வழக்கமான ஏற்பாடு. ஆகவே நன்றாகத் தமிழில் இருந்த திரையில், வெளியீட்டன்று அந்த ஓரிடம் மட்டும் ஆங்கிலத்தில் நிற்கும். ஒரு புள்ளிக்காக எல்லா மொழிகளிலும் இதுவே நடக்கும்.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. பொருள் மாறாத எழுத்துப்பிழைத் திருத்தம் என்றால், எல்லா மொழிக் கோப்புகளிலும் ஆங்கில மூல வரியைச் சேர்த்தே திருத்திவிடலாம், மொழிபெயர்ப்பு கலையாது. மொழிபெயர்ப்பாளர்களிடம் சொல்லிவிட்டே இதைச் செய்ய வேண்டும். பொருள் மாறுகிறது என்றால், பழைய மூல வரியையும் கூடவே காட்டும் வசதியோடு கோப்புகளைப் புதுப்பியுங்கள். எது மாறியது என்று தேடும் வேலை எங்களுக்கு மிச்சம். மாற்றம் வேண்டாம் என்று பின்வாங்கினாலும் பெரும்பாலும் பாதகமில்லை. பயனற்றுப்போன பழைய வரிகள் கோப்பின் அடியில் தங்கியிருக்கும். ஆங்கில வரி திரும்பி வந்தால் தமிழும் உயிர்பெறும்.

இரண்டாவது தவறுதான் என் மனதை அதிகம் வருத்துவது: நிரலாளர்களுக்குள்ளேயே பேசி முடித்துவிடுவது. பெரிய திட்டங்கள் இதைத் தடுக்கவென்றே உறைநிலைக் காலம் வைத்திருக்கின்றன, அதாவது வெளியீட்டுக்கு முன் திரையையும் சொற்களையும் கேட்காமல் மாற்றக்கூடாத காலம். லினக்ஸ் கணினிகளின் திரைச்சூழலான க்னோமில் இடைமுக உறைநிலைக்குப் பிறகு, அதாவது திரையின் தோற்றம் உறைந்தபின், ஒன்றை மாற்ற வெளியீட்டுக் குழுவின் ஒப்புதல் வேண்டும், ஆவணக் குழுவுக்கும் அறிவிக்க வேண்டும்; திரைச் சொற்கள் உறைந்தபின் மொழிபெயர்ப்புக் குழுவின் சம்மதமும் வேண்டும். லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவில் விதிவிலக்குக் கேட்பவர் வழு (பிழை) அறிக்கை ஒன்றில் காரணத்தை எழுதி, ஆவணக்காரருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் தெரிவித்ததையும் காட்ட வேண்டும். சிறிய திட்டங்களில் இப்படி ஒன்றும் இருப்பதில்லை. இரண்டு பேர் பராமரிக்கும் மென்பொருளுக்கு எதற்கு இத்தனை சடங்கு என்று கேட்பார்கள். பராமரிக்கிறவர் இருவராக இருக்கலாம். மொழிபெயர்க்கிறவர், கையேடு எழுதுகிறவர், அதை வைத்துப் பாடம் நடத்துகிறவர் எத்தனை பேர் என்பது அந்த இருவருக்குத் தெரியாது.

தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் திரையைப் படம் பிடித்து, “மேல் இடது மூலையில் உள்ள பொத்தானை அழுத்தவும்” என்று எழுதி, போட்டோப் பிரதி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார். பிரதி எடுக்கும் செலவு பெரும்பாலும் அவருடைய சட்டைப்பையிலிருந்துதான் போகிறது. இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரு கணினியைப் பகிர்ந்துகொள்ளும் அறையில், அந்தத் தாளைப் பார்த்துப் பொத்தானைத் தேடும் பிள்ளை அது அங்கே இல்லை என்றால் மென்பொருளைச் சந்தேகிக்காது. தனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்துக் கையை எடுத்துக்கொள்ளும்.

உபுண்டு 10.04 நினைவிருக்கும். சாளரத்தை மூடும், சிறிதாக்கும் பொத்தான்கள் அதுவரை வலப்புறம் இருந்தன. 2010 ஏப்ரல் 29 அன்று வெளியான அந்தப் பதிப்பில் இடப்புறம் போயின. வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருந்தபோது அதைப் பற்றிப் பெரும் வாக்குவாதம் நடந்தது. 2017 அக்டோபரில் வந்த 17.10 பதிப்பில் அவை மீண்டும் வலப்புறம் வந்தன. எந்தப் பக்கம் இருந்தாலும் பழகிக்கொள்ளலாம். ஆனால் சாளரம் தெரியும் ஒவ்வொரு படத்திலும் அந்தப் பொத்தான்கள் இருக்கின்றன. கையேட்டுக்காரர் எல்லாப் படங்களையும் புதிதாக எடுத்தாக வேண்டும்.

நாட்காட்டியைப் பார்க்காமல் அவகாசம் கொடுப்பது அடுத்த தவறு. உபுண்டு ஆண்டுதோறும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளியாகிறது. ஏப்ரல் வெளியீட்டுக்கு முந்திய இறுதி வேலைகள் நடக்கும் நாட்களில்தான் இங்கே சித்திரைப் புத்தாண்டு. கொழும்பில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் பஸ்ஸுக்கு முண்டியடித்து வீடு வந்து சேரும் நேரம் அது. மாலையானால் இடியும் மழையும், கூடவே மின்வெட்டும். யூடிசி என்ற உலகப் பொது நேரப்படி நள்ளிரவுக்குள் முடிக்கச் சொன்னால் இங்கே அது காலை 5.30. இருபத்துநான்கு மணி நேரத்தில் யாரும் மறுக்கவில்லை, ஆகவே எல்லோருக்கும் சம்மதம் என்று எழுதிவிடாதீர்கள். குறைந்தது ஒரு வார இறுதியாவது அந்த அவகாசத்துக்குள் வரட்டும்.

ஆங்கிலத் திரையை மட்டும் பார்த்துச் சரி என்று சொல்வதும் வழக்கமாகிவிட்டது. தமிழ் வரிகள் பெரும்பாலும் நீளம்; பொத்தானின் அகலத்தைக் குறைத்தால் சொல் பாதியில் அறுந்துபோகும். உயரத்தைக் குறைத்தால் ‘கீ’, ‘கூ’ போன்ற எழுத்துகளின் மேலும் கீழும் வெட்டுப்படலாம். மொழியைத் தமிழுக்கு மாற்றி ஒரு தடவை திறந்து பார்த்தால் போதும், ஐந்து நிமிட வேலை.

இவ்வளவும் சொன்னதால் உறைநிலைக்குப் பின் எதையும் தொடக்கூடாது என்று பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். அழிக்கும் பொத்தானும் சேமிக்கும் பொத்தானும் ஒட்டிக்கொண்டிருந்து பயனரின் கோப்பு போய்விடும் நிலை இருந்தால், மாற்றத்தான் வேண்டும். பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்குப் பெயரே இல்லாத பொத்தானும் அப்படியே. இப்போது மாற்றாவிட்டால் பயனருக்கு என்ன நேரும் என்று கேளுங்கள். ஒன்றும் நேராது, அழகு கொஞ்சம் குறையும் என்றால் அது அடுத்த வெளியீட்டுக்குரிய வேலை. ஆறு மாதம் நீண்ட காலமன்று.

மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவானால் அறிவிப்பில் இவற்றை எழுதுங்கள்: எந்தத் திரை, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த திரைப்பிடிப்புகள், புதிய வரிகள் எத்தனை, அவை எப்போது மொழிபெயர்ப்புக் கோப்பில் வரும், கடைசி நாள் எது. வெளியீட்டுக் குறிப்பிலும் அந்த மாற்றத்தை ஒரு வரியில் சேருங்கள். கைத்தாள் தயாரிக்கும் ஆசிரியர் பெரும்பாலும் அதை மட்டும்தான் பார்ப்பார்.